பழைய லாரி கிரேனுக்குக் கம்பி வடமும் கொக்கியும் பூட்டும் முறை

லாரிச் சட்டத்தின் மேல், வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும், நீளும் தூக்குக் கையான பூமும் ஏற்றிய பழைய கிரேனுக்கு வடம் மாற்ற வருகிறவர்கள், எத்தனை மீட்டர் வேண்டும், மீட்டர் என்ன விலை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. பழைய வடம் கெட்டதற்கான காரணம் பெரும்பாலும் அந்த வடத்தில் இருப்பதில்லை. அது ஓடிய கப்பியிலோ, சுற்றிய டிரம்மிலோ, முடிந்த முனையிலோதான் இருக்கிறது. அவற்றைச் சரி செய்யாமல் புது வடத்தை ஏற்றினால், மூன்று ஆண்டு உழைக்க வேண்டிய வடம் மூன்று மாதத்தில் மயிர் கிளம்பி நிற்கும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வண்டி மூன்று துண்டாக நீளும் பூமும், அதன் அடியில் ஒரே வின்ச்சும், 12 மி.மீ. வடமும், கொக்கியைத் தாங்கும், ஒற்றைக் கப்பி கொண்ட ஹூக் பிளாக்கும் உடையது. உங்கள் வண்டியின் அளவுகள் வேறாக இருந்தால், தயாரிப்பாளரின் கையேட்டிலும் தகட்டிலும் உள்ளதே இறுதியானது. தகடு அழிந்துபோன வண்டியில் இப்போது கிடக்கும் வடத்தை அளந்து அதே கனத்தில் வாங்குவது வழக்கமாக இருக்கிறது. முன்பே யாரோ தவறான வடத்தைப் போட்டிருந்தால் அந்தத் தவறு அப்படியே தொடரும் என்பதால், டிரம் விட்டத்தையும் கப்பியின் பள்ளத்தையும் அளந்து ஒத்துப் பார்த்த பிறகே கனத்தை முடிவு செய்ய வேண்டும்.

பழைய வடம் சொல்வது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வண்டியைப் பக்கவாட்டில் தாங்கும் அவுட்ரிக்கர் கால்களை இறக்கி, பூமை முழுவதும் உள்ளே இழுத்துத் தாழ்த்தி, ஹூக் பிளாக்கைத் தரையில் மரக்கட்டைமேல் உட்கார வைத்த பிறகு இன்ஜினை நிறுத்தவும். சாவி, வடத்தில் கை வைக்கிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். தோல் கையுறை கட்டாயம். வெறுங்கையால் வடத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் இன்றும் உண்டு. அறுந்த கம்பியின் நுனி உள்ளங்கையில் ஏறினால் எளிதில் வெளியே வராது. பருத்திக் கழிவைப் பிடித்து மெதுவாக இழுத்தால், அறுந்த கம்பி இருக்கும் இடமெல்லாம் நூல் மாட்டிக்கொள்ளும்.

அறுந்த கம்பிகளை எண்ணுவதற்கு, ஒரு முறுக்கு நீளம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். வடத்தின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய புரிகளின் மேடுகள் வரிசையாகப் பதியும். ஆறு புரி வடத்தில் ஆறு மேடு தாண்டி, தொடங்கிய அதே புரி மீண்டும் வரும் இடம் வரையிலான தூரமே ஒரு முறுக்கு. 12 மி.மீ. வடத்தில் இது ஏறத்தாழ 75 முதல் 80 மி.மீ. இருக்கும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி30.5 தரநிலைப்படி, ஓடும் வடத்தில் ஒரு முறுக்கு நீளத்துக்குள் பரவலாக ஆறு கம்பி அறுந்திருந்தாலும், ஒரே புரியில் மூன்று கம்பி அறுந்திருந்தாலும் அந்த வடம் கழிக்கப்பட வேண்டியது. எடை ஏறினாலும் முறுக்கு அவிழ்ந்து சுழலாதபடி செய்த, சுழலாத வகை வடத்துக்குக் கணக்கு இன்னும் கடுமை: விட்டத்தின் ஆறு மடங்கு நீளத்துக்குள் இரண்டு, முப்பது மடங்கு நீளத்துக்குள் நான்கு.

விட்டத்தை வெர்னியரால் அளக்கும்போது, எதிரெதிரான இரு புரிகளின் மேடுகளில் தாடைகள் படிய வேண்டும். இரண்டு புரிகளுக்கு இடைப்பட்ட தட்டைப் பகுதியில் வைத்தால் அளவு குறைந்து காட்டும். 12 மி.மீ. வடம் 11.4-க்குக் கீழே வந்துவிட்டால் ஐந்து விழுக்காடு போய்விட்டது என்று பொருள். அதற்குமேல் அதை ஓட்டக் கூடாது. வெளிக்கம்பிகள் தேயாமலேயே விட்டம் சுருங்கியிருந்தால் புரிகளை உள்ளிருந்து தாங்கும் நடுக்கோர் செத்துவிட்டது. புரிகளின் இடுக்கிலிருந்து சிவந்த தூள் உதிர்ந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கப்பி சுற்றாமல் நிற்கிறது, அல்லது வடம் எதிலோ உரசுகிறது. நசுங்கித் தட்டையாகி இருந்தால், டிரம்மின் கீழடுக்கு தளர்வாகச் சுற்றப்பட்டு மேலடுக்கு அதில் புதைந்திருக்கிறது. புரிகள் பறவைக் கூண்டு போல உப்பியிருந்தால் திடீர் உதறல் விழுந்திருக்கிறது, அல்லது கப்பியின் பள்ளம் வடத்தை இறுக்கிப் பிடிக்கிறது. இவற்றையெல்லாம் எந்த இடத்தில் கண்டீர்கள் என்று முனையிலிருந்து மீட்டர் கணக்கில் குறித்துக்கொண்ட பிறகே பழைய வடத்தைக் கழற்ற வேண்டும். சுருட்டி எடைக்குப் போட்டுவிட்டால் அந்தச் செய்தி போய்விடும்.

கப்பியும் டிரம்மும்

ஒருமுறை நல்ல நிறுவனத்தின் புது வடம் ஏற்றிக் கொடுத்த வண்டி மூன்றே மாதத்தில் திரும்பி வந்தது. வடத்தைப் பழி சொல்லி உரிமையாளர் சண்டைக்கு வந்தார். நானும் முதலில் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். பூம் முனைக் கப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டியபோதுதான், பள்ளத்தின் அடியில் பழைய வடத்தின் புரிகள் சாய்கோடாக அச்சுப் பதித்திருந்தது தெரிந்தது. அந்த அச்சு இருக்கும் கப்பியில் புது வடத்தின் மேடுகள் அதன் பள்ளங்களோடு ஒத்துவராமல், ஒவ்வொரு சுற்றிலும் அரத்தில் உரசியது போல அறுபடும். கப்பியைப் பார்க்காமல் வடம் ஏற்றியது என் தவறு; இரண்டாவது வடத்தின் பாதி விலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

பள்ளத்தை அளக்கக் குரூவ் கேஜ் என்னும் தகடு கிடைக்கிறது. வடத்தின் பெயரளவு விட்டத்தைவிடப் பள்ளம் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை பெரிதாக இருக்க வேண்டும். புது 12 மி.மீ. வடமே 12.6 வரை இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். கேஜை வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால், அடியில் வெளிச்சம் கசிகிறதா, பக்கங்களில் கசிகிறதா என்பதைக் கொண்டு பள்ளம் குறுகியதா அகன்றதா என்று தெரிந்துவிடும். குறுகிய பள்ளம் வடத்தைக் கிள்ளும்; அகன்றது தாங்காமல் தட்டையாக்கும். அச்சுப் பதிந்த கப்பியைக் கடைசலில் திருத்தலாம். ஆனால் வடத்தின் மையம்வரை அளந்த விட்டம், பூம் முனைக் கப்பிக்கும் டிரம்முக்கும் வட விட்டத்தின் 18 மடங்குக்கும், ஹூக் பிளாக் கப்பிக்கு 16 மடங்குக்கும் குறையக் கூடாது, 12 மி.மீ. வடத்துக்கு இவை முறையே 216, 192 மி.மீ. ஆகும். திருத்திய பின் இந்த அளவு நிற்காது என்றால் புதுக் கப்பிதான் போட வேண்டும்.

கப்பியைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆடாமல், கரகரப்பில்லாமல், ஒரே விரலில் சுற்ற வேண்டும். வடம் குதித்து வெளியேறாமல் தடுக்கும் குறுக்குப் பின்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் அந்தப் பின் இருந்த இடத்தில் கட்டுக்கம்பியோ வெல்டிங் ராடோ வளைத்துச் செருகப்பட்டிருக்கும்.

எந்த வடம்

கடையில் கேட்க வேண்டியது இப்படி: 12 மி.மீ., 6 × 36, ஸ்டீல் கோர், 1770 கிரேடு, வலமுறுக்கு, சாதாரண முறுக்கு, ஐ.எஸ். 2266 சான்றிதழோடு. ஆறு புரி, புரிக்கு 36 கம்பி வகை என்பது முதல் எண்களின் பொருள். கம்பி எண்ணிக்கை கூடக் கூட வடம் வளைவுக்கு இசைந்து கொடுக்கும், உராய்வுக்குத் தோற்கும். 1770 என்பது கம்பியின் இழுவலுக் கிரேடு. வடத்தைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது புரிகள் வலப்பக்கமாக மேலேறினால் அது வலமுறுக்கு. புரிக்குள் கம்பிகள் அதற்கு எதிர்த்திசையில் முறுக்கப்பட்டிருந்தால் சாதாரண முறுக்கு. விலை குறைவு என்று நார் கோர் வடத்தை வாங்குவது பல அடுக்காகச் சுற்றும் டிரம்முக்கு ஆகாது. மேலடுக்கின் அழுத்தத்தில் நார் நசுங்கி, வடம் முட்டை வடிவமாகிவிடும்.

1770 கிரேடு, ஸ்டீல் கோர் கொண்ட 12 மி.மீ. வடத்தின் குறைந்தபட்ச அறுபடு வலு ஏறத்தாழ 90 கிலோ நியூட்டன், அதாவது ஒன்பதேகால் டன் அளவு. ஓடும் வடத்துக்கு பி30.5 கேட்கும் காப்பு எண், அதாவது அறுபடு வலுவை வகுக்கும் எண், 3.5; அதன்படி ஒரு சரத்துக்கு, அதாவது கொக்கியைத் தாங்கித் தொங்கும் ஒவ்வொரு வட நீளத்துக்கும், 2.6 டன் வரும். சுழலாத வகைக்கு அந்த எண் 5. பழைய வண்டி என்பதால் சாதாரண வடத்துக்கும் நான் 5 வைத்தே கணக்கிடுகிறேன். அப்போது ஒரு சரத்துக்கு 1.85 டன்தான். வடம் தாங்குகிறது என்பதற்காகக் கிரேன் தாங்கும் என்று கொள்ளக் கூடாது. பூமின் நீளத்துக்கும் சாய்வுக்கும் ஏற்ற எடை அட்டவணை தனி; அந்த எடையிலிருந்து ஹூக் பிளாக், பொருளைக் கட்டும் ஸ்லிங், அதை மாட்டும் ஷேக்கிள் ஆகியவற்றின் எடையையும் கழிக்க வேண்டும்.

ஒற்றைச் சரத்தில், குண்டோடு கூடிய சுழல் கொக்கியைத் தொங்கவிடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஆறு புரி வடத்தின் நுனியில் தாராளமாகச் சுழலும் ஸ்விவல் இருந்தால், எடை ஏறும்போது வடம் தன் முறுக்கைத் தானே அவிழ்த்துக்கொண்டு வலுவிழக்கும். சுழலாத வடத்தோடுதான் ஸ்விவல் சேர வேண்டும்.

நீளத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. பூம் முழுவதும் நீண்டால் 18 மீட்டர், முனையின் உயரம் 20 மீட்டர், இரண்டு சரம் என்றால், 18-உம் இருமுறை 20-உம் சேர்ந்து 58 மீட்டர். கொக்கி தரையைத் தொடும்போதும் டிரம்மில் மூன்று சுற்று மிஞ்ச வேண்டும். டிரம் 240 மி.மீ. என்றால் அதற்கு இரண்டரை மீட்டர். முனை முடிக்க ஒரு மீட்டர். கிணற்றிலோ பள்ளத்திலோ எடை எடுக்கும் வண்டி என்றால் அந்த ஆழத்தின் இரு மடங்கைக் கூட்ட வேண்டும்.

டிரம்மில் ஏற்றுதல்

புது வடத்தின் சுருளைத் தரையில் படுக்கவைத்துப் பக்கவாட்டில் உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறி, கடைசியில் கின்க் எனப்படும் முறுக்கு மடிப்பு விழும். கின்க் விழுந்த வடத்தை நீட்டி நிமிர்த்தலாம். போன வலு திரும்பாது. சுருளின் நடுவே பைப் செருகி இரண்டு ஸ்டாண்டில் தாங்கி, பலகையை அழுத்திப் பிரேக் கொடுக்க வேண்டும். சுருளின் மேற்பக்கத்திலிருந்து புறப்படும் வடம் டிரம்மின் மேற்பக்கத்திலும், அடியிலிருந்து புறப்படுவது அடியிலும் ஏற வேண்டும்; மாற்றி ஏற்றினால் வடம் எதிர்த்திசையில் வளைந்து முரண்டு பிடிக்கும்.

டிரம்மின் எந்த விளிம்பில் தொடங்குவது என்பதற்குக் கையே அளவுகோல். டிரம்முக்குப் பின்னால், வடம் உங்களை விட்டு விலகிப் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். வலமுறுக்கு வடத்துக்கு வலக்கையை நீட்டி, வடம் மேற்பக்கமாக ஏறினால் உள்ளங்கையைக் கீழ்நோக்கியும், அடிப்பக்கமாக ஏறினால் மேல்நோக்கியும் பிடித்து, சுட்டுவிரலை வடத்தின் திசையில் நீட்டினால், கட்டைவிரல் காட்டும் விளிம்பில் தொடங்க வேண்டும். இடமுறுக்குக்கு இடக்கை. டிரம்மில் வடத்தைப் பூட்டும் துளை அதே பக்கம் இல்லையென்றால், அந்த வண்டிக்கு மாற்று முறுக்கு வடம் தேவைப்படுகிறது என்று பொருள்.

முதல் அடுக்கு செங்கல் வரிசை போல இடைவெளியின்றி அமைய வேண்டும். இடைவெளி விழுந்தால் மரச்சுத்தியலால் தட்டிச் சேர்க்கவும், இரும்புச் சுத்தியல் வேண்டாம். டிரம் சுழலும்போது யார் கையும் வடத்தின் மேல் இருக்கக் கூடாது. நிறுத்தித் தட்டி, கையை எடுத்த பிறகு சுழற்ற வேண்டும். வடத்தை வெட்டுமுன் வெட்டும் இடத்தின் இருபுறமும் மெல்லிய கம்பியால், விட்டத்தின் ஒன்றரை மடங்கு அகலத்துக்காவது இறுக்கிச் சுற்றிக் கட்டிவிடவும். சுழலாத வடமானால் ஒவ்வொரு புறமும் இரண்டு கட்டு வேண்டும். கட்டாமல் வெட்டிய சுழலாத வடம், கண்ணுக்குத் தெரியாமல் பல மீட்டர் தூரம் உள்ளே தளர்ந்துவிடும்.

சரங்களும் முடிமுனையும்

சரங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் வடத்தின் முடிமுனை பூம் நுனியில் கட்டப்படும். ஒற்றைப்படையானால் ஹூக் பிளாக்கில் கட்டப்படும். நம் வண்டியில் இரண்டு சரம்: டிரம்மிலிருந்து பூம் நுனிக் கப்பி, அங்கிருந்து இறங்கி ஹூக் பிளாக் கப்பி, மேலேறிப் பூம் நுனியில், வட முனையை ஆப்பால் இறுக்கிப் பிடிக்கும் வெட்ஜ் சாக்கெட்.

விபத்துக்கு மிக அருகில் இருப்பது இந்த வெட்ஜ் சாக்கெட்தான். சாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு சுவர், சாக்கெட்டைப் பூமோடு பூட்டும் பின்னின் துளைக்கு நேராகவும், மறு சுவர் சாய்வாகவும் இருக்கும். எடை தாங்கும் சரம் நேர்ச்சுவரை ஒட்டி, பின்னின் மையத்துக்கு நேர்கோட்டில் வெளியேற வேண்டும்; ஆப்பைச் சுற்றித் திரும்பிவரும் வால் சாய்சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் ஆப்பு அதே இறுக்கத்தோடு உட்கார்ந்துகொள்ளும், எடையும் தூக்கும் என்பதுதான் இதில் உள்ள பொல்லாத்தனம். ஆனால் ஒவ்வொரு தூக்கிலும் சரம் சாக்கெட்டின் வாயில் ஒடிந்து வளைந்து, ஒரே இடத்தில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே, சாக்கெட் கோணலாகத் தொங்குவதைக் கொண்டு இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

வால் 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தடித்த வடத்துக்கு விட்டத்தின் ஆறு மடங்கு, சுழலாத வடத்துக்கு இருபது மடங்கு. வாலை எடை தாங்கும் சரத்தோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்குவது பலர் செய்யும் பெரிய தவறு. அப்படிச் செய்தால் ஆப்பு இழுபட்டு உட்கார முடியாமல், எடை கிளாம்பின் மேல் வந்து சரம் நசுங்கும். வாலோடு அதே கனத்தில் ஒரு சிறு துண்டு வடத்தைச் சேர்த்து, அந்த இரண்டையும் மட்டும் கிளாம்ப் போட வேண்டும். ஆப்பு வட அளவுக்குரியதாக, அந்த சாக்கெட்டுக்கே உரியதாக இருக்க வேண்டும்.

வடத்தின் முனையைக் கண் போல வளைத்துக் கிளாம்ப் போட வேண்டிய இடங்களில், கிளாம்பின் சேணம் போன்ற கட்டை எடை தாங்கும் பக்கத்திலும், யூ போல்ட் வால் பக்கத்திலும் வர வேண்டும். எல்லாக் கிளாம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அழகுக்காக மாற்றி மாற்றிப் போடக் கூடாது. கண்ணுக்குள், வடம் நசுங்காமல் காக்கும் உலோகப் பள்ள வளையமான திம்பிள் இருக்க வேண்டும். அடித்துச் செய்த கிளாம்ப்பில் 12–13 மி.மீ. வடத்துக்கு மூன்று கிளாம்ப், ஏறத்தாழ 290 மி.மீ. மடிப்பு, டார்க் ரென்ச்சில் 88 நியூட்டன் மீட்டர். வார்ப்பிரும்புக் கிளாம்ப் பந்தல் கட்டுவதற்கு மட்டும். முதல் எடை ஏறியதும் வடம் சற்று மெலியும் என்பதால் நட்டுகளை மறுபடி இறுக்கியாக வேண்டும்.

கொக்கி

கொக்கியின் வாய் அகலம் முதலில் என்னவாக இருந்தது என்று தெரியாமல் அது விரிந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆகவே புதுக் கொக்கியின் நுனிக்கு அருகில் ஒன்றும் தண்டில் ஒன்றுமாக இரண்டு சென்டர் பஞ்ச் புள்ளிகளை வைத்து, தூரத்தை எழுதிவைத்துவிட வேண்டும். பல தயாரிப்பாளர்கள் புள்ளி வைத்தே கொடுக்கிறார்கள். அந்தத் தூரம் ஐந்து விழுக்காடு கூடினாலும், ஸ்லிங் உட்காரும் கிண்ணத்தில் பத்து விழுக்காடு தேய்ந்தாலும், நுனி கண்ணுக்குத் தெரியும்படி திருகியிருந்தாலும் கொக்கி கழிவு. சூடு காட்டி வளைத்து நிமிர்த்துவதும், தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்புவதும், வாயை மூடும் தாழ்ப்பாளான லாச்சைப் பொருத்தக் கொக்கியிலேயே துளை போடுவதும் கூடாது; சூடு பட்ட கொக்கி வளைந்து எச்சரிக்கை தராமல் சட்டென்று முறியும். லாச் சுருள்வில்லால் தானாக மூட வேண்டும். கொக்கித் தண்டின் நட்டுக்குப் பூட்டுப் பின் இருக்கிறதா என்று பார்க்க, மூடித் தகட்டைக் கட்டாயம் கழற்ற வேண்டும்.

எடை கிண்ணத்தில் உட்கார வேண்டும், நுனியில் அல்ல. இரண்டு கால் ஸ்லிங்கை நேராகக் கொக்கியில் மாட்டும்போது கால்களுக்கு இடைக்கோணம் 90 பாகையைத் தாண்டினால், இடையில் ஒரு வளையம் போட வேண்டும். கால்கள் தரைமட்டத்துக்கு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொரு காலும் எடையில் 58 விழுக்காட்டைத் தாங்கும்; 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றும் முழு எடையையே தாங்கும்.

கொக்கி பூம் நுனியில் முட்டுவது

வின்ச் பூமின் அடியில் இருக்கும் வண்டியில், வின்ச்சைத் தொடாமல் பூமை மட்டும் நீட்டினாலும் கொக்கி மேலேறும். ஒற்றைச் சரத்தில் பூம் ஒரு மீட்டர் நீண்டால் கொக்கி முழு ஒரு மீட்டர் நுனியை நெருங்கும். இரண்டு சரத்தில் அரை மீட்டர். ஹைட்ராலிக் சிலிண்டரின் தள்ளு விசைக்கு முன் 12 மி.மீ. வடம் நிற்காது. கொக்கி முட்டியதும் வடம் அறும், எடை இல்லாத நேரத்திலும் ஹூக் பிளாக் விழும். பழைய வண்டிகளில் இதைத் தடுக்கும் லிமிட் சுவிட்ச் இருப்பதில்லை, அல்லது வயரை முறுக்கிச் சேர்த்து ஏமாற்றியிருப்பார்கள். நுனியில் தொங்கும் எடைக்கட்டை, ஓடாத சரத்தைச் சுற்றித் தொங்க வேண்டும்; ஹூக் பிளாக் அதைத் தூக்கியதும் வின்ச் ஏற்றமும் பூம் நீட்டமும் இரண்டும் நிற்க வேண்டும். ஏற்றத்தை மட்டும் நிறுத்தும் இணைப்பு அரைகுறை வேலை.

ஓட்டம்

பூட்டி முடித்ததும் அனுமதி எடையில் பத்தில் ஒரு பங்கை மாட்டி, பூமை முழுவதும் நீட்டி, மூன்று சுற்று மிஞ்சும் வரை இறக்கி, அதே எடையோடு மெதுவாகத் திரும்பச் சுற்றவும். இப்படிச் சில முறை செய்தால் புரிகள் உட்காரும், டிரம்மின் கீழடுக்குகள் இறுக்கமாகப் படியும். கிரீஸைக் கனமாக அப்பினால் அழுக்கு ஒட்டுமே தவிர உள்ளே போகாது. இளகிய வட எண்ணெயை, வடம் கப்பியில் வளைந்து புரிகள் திறக்கும் இடத்தில் விட வேண்டும்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29-ஆம் பிரிவின்படி, தூக்கு இயந்திரங்களும் வடங்களும் கொக்கி போன்ற துணைப்பொருள்களும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற ஒருவரால் முழுமையாகச் சோதிக்கப்பட்டு, பதிவேட்டில் ஏற வேண்டியிருந்தது; பாதுகாப்பான எடையும் இயந்திரத்தின் மேல் எழுதப்பட்டிருக்க வேண்டியிருந்தது. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு இந்தச் சான்று இல்லாமல் பெரிய ஆலைகளின் கதவு திறக்காது.

வடம் உட்கார்ந்த பிறகு, டிரம்முக்கு அருகில், நடுவில், சாக்கெட்டுக்கு ஒரு மீட்டர் முன்னால் என மூன்று இடத்தில் விட்டத்தை மறுபடி அளந்து, பூட்டிய தேதியோடும் கொக்கியின் பஞ்ச் புள்ளித் தூரத்தோடும் கேபின் கதவின் உட்பக்கத்தில் பெயிண்டால் எழுதி, அதன் கீழே 11.4 என்று கழிவளவையும் குறித்துவிடுங்கள். பதிவேடு அலுவலகத்தில் இருந்தாலும் வண்டியை ஓட்டுகிறவர் கண்ணில் தினமும் படுவது அந்தக் கதவுதான்.